வீடு, படுக்கை, கேடயம்: மேலங்கியும் விளையாட்டுப் போரும்

வரலாற்றை நாம் பெரும்பாலும் எழுதப்பட்டவற்றிலிருந்தே அறிகிறோம். ஆனால் மனித உடல் அறிந்திருந்தவற்றுள் மிகச் சிறு பகுதியே எழுத்தில் ஏறியிருக்கிறது. ஓர் ஆடையின் தோற்றத்தைச் சிற்பமும் ஓவியமும் காட்டும். அதை உடுத்திக்கொண்டு எப்படி ஓடினார்கள், எப்படி உறங்கினார்கள், மழையில் என்ன செய்தார்கள், வாளுடன் ஒருவன் எதிரே வந்தபோது அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதை உடுத்தியவர்கள் அநேகமாக எழுதி வைக்கவில்லை. அதற்கான தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆடை வழக்கொழிந்தபோது அந்த அறிவும் உடன் போயிற்று.

ஐரோப்பிய மேலங்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தோளிலிருந்து தொங்கும், கையில்லாத, தையல் குறைந்த கம்பளித் துணி அது. நம் ஊர் ஆட்டிடையனின் கம்பளியைத் தோளில் இழுத்து ஓர் ஊக்கால் பிணைத்தால் ஏறத்தாழ அதன் வடிவம் வந்துவிடும். தமிழில் 'போர்வை' என்னும் சொல் குளிருக்கு மூடிக்கொள்வதையும், ஒன்றை மறைக்க மேற்கொள்ளும் வேடத்தையும் ஒருசேரக் குறிப்பது போலவே ஆங்கிலத்தின் 'க்ளோக்' என்னும் சொல்லும் இரண்டையும் குறிக்கும். அச்சொல்லின் மூலம் மணியைக் குறிக்கும் இடைக்கால லத்தீன் சொல். விரிந்து தொங்கும் அதன் வடிவத்தால் வந்த பெயர்.

கடந்த அரை நூற்றாண்டில் மேலை நாடுகளில் பரவிய ஒரு விளையாட்டு, இந்த மேலங்கியைப் பற்றிய இழந்த அறிவின் ஒரு பகுதியைத் தற்செயலாக மீட்டிருக்கிறது. 'லைவ் ஆக்‌ஷன் ரோல் ப்ளேயிங்', சுருக்கமாக 'லார்ப்' என்று அதை அழைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதற்குரிய உடை தரித்து, காட்டிலோ புல்வெளியிலோ சில நாட்கள் அப்பாத்திரமாகவே வாழ்கிறார்கள். பெரும்பாலும் தனியே பார்வையாளர் என்று எவரும் இல்லை, ஆடுபவரே பார்ப்பவர். போர் மூண்டால் உண்மையாகவே ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், சேற்றில் விழுகிறார்கள். வாள் மட்டுமே பொய். நடுவே கண்ணாடியிழைத் தண்டு, அதைச் சுற்றி நுரைப்பஞ்சு, மேலே லேடெக்ஸ் பூச்சு.

இவ்விளையாட்டுக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் முதலில் விரும்புவது ஒரு மேலங்கி. முதல் நாள் மாலைக்குள் பெரும்பாலும் அவரே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார். அது காலில் சிக்குகிறது, கழுத்தை நெரிக்கிறது, நனைந்து கனக்கிறது. அப்படியாயின் மேலங்கி போருக்கு ஆகாத உடையா? ஐரோப்பாவின் படைவீரரும் பயணிகளும் கலகக்காரரும் பல நூற்றாண்டுகள் அதையே உடுத்தினார்களே! இந்த முரணுக்கு விடை தேடினால், மேலங்கிக்கு இரண்டு வரலாறுகள் இருப்பது தெரியவரும்.

*

முதல் வரலாறு பயன்பாட்டின் வரலாறு. ரோமானியப் படைவீரனின் மேலங்கிக்கு 'ஸாகும்' என்று பெயர். ஏறத்தாழ நாற்கோணமான தடித்த கம்பளித் துணி. அதை வலத்தோளின் மேல் ஊக்கால் பிணைப்பார்கள். இதனால் துணி முழுதும் இடப்பக்கமாக விழ, வாள் பிடிக்கும் வலக்கை தடையின்றி வெளியே வரும். 'ஸாகும் அணிதல்' என்றாலே லத்தீனில் போருக்கு ஆயத்தமாதல் என்று பொருள். டோகா அமைதிக்கால உடை.

இடப்பக்கம் விழும் அந்தத் துணி வீணாகத் தொங்கவில்லை. கி.மு. 49-இல், இன்றைய ஸ்பெயினின் லேய்தா நகரான இலெர்டாவுக்கு அருகே சீசரின் படையும் பாம்பேயின் தளபதிகளது படையும் எதிரெதிரே முகாமிட்டிருந்தன. இரு தரப்பு வீரர்களும் உறவினரையும் ஊர்க்காரரையும் தேடி ஒருவர் முகாமுக்குள் ஒருவர் சென்று அளவளாவிக்கொண்டிருந்தார்கள். பாம்பேயின் தளபதி பெட்ரேயுஸ் ஆத்திரமடைந்து, தன் முகாமுக்குள் வந்திருந்த சீசரின் ஆட்களை வெட்டச் செய்தான். உறவாட வந்தவர்களிடம் கேடயம் இல்லை. எஞ்சியவர்கள் ஒன்றுகூடி, இடக்கையில் ஸாகுமைச் சுற்றிக்கொண்டு, வாளை உருவித் தங்களைக் காத்தபடியே தம் முகாம் மீண்டார்கள். உள்நாட்டுப் போரைப் பற்றிய தம் நூலில் சீசர் இதைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். யாரும் அவர்களுக்கு ஆணையிட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கைகளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கையறிவு இத்தாலியில் ஏட்டில் ஏறியது. 1536-இல் மோதெனாவில் வெளியான அகில்லே மரோட்சோவின் வாள்வீச்சு நூலில் வாளும் மேலங்கியும் சேர்ந்த பயிற்சி தனியாகவே இடம்பெற்றது. நகரத் தெருவில் நடப்பவன் கேடயம் தூக்கிச் செல்ல மாட்டான்; ஆனால் தோளில் மேலங்கி எப்போதும் இருக்கும். திடீரெனச் சண்டை வந்தால் கைக்குக் கிடைப்பது அதுவே. 1570-இல் ஜாக்கோமோ தி கிராஸி எழுதி, 1594-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த நூல் இதன் நுட்பத்தை மேலும் விளக்குகிறது. துணியைக் கையில் ஓரிரு முறை சுற்றி, மீதியைத் தொங்கவிட வேண்டும். தொங்கும் துணி வெட்டை விழுங்கிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: துணிக்குப் பின்னால் கடினமான எதுவும் இருக்கக் கூடாது. காலையோ கையையோ துணியோடு ஒட்டி வைத்தால் துணியும் அறுபடும், காலும் அறுபடும். காற்றில் தொங்கும் துணியே தடுக்கும். மேலங்கியை எதிராளியின் முகத்திலோ வாளிலோ வீசி எறிவதும் இக்கலையின் ஒரு பாடம்.

இந்த வாழ்க்கை இலக்கியத்திலும் தடம் பதித்தது. லோபே தே வேகா, கால்தெரோன் ஆகியோர் எழுதிய ஸ்பானிய நாடகங்களுள் ஒரு வகைக்கு 'மேலங்கியும் வாளும்' என்றே பெயர். நகரத்துக் கனவான்களின் காதல், ஆள்மாறாட்டம், இருட்டில் வாட்சண்டை ஆகியவை அவற்றின் பொருள். இன்று நம் இளைஞர்களின் பேச்சில் தமிழாகவே ஆகிவிட்ட 'எஸ்கேப்' என்னும் சொல்லின் வேரும் மேலங்கியில்தான் இருக்கிறது. லத்தீனில் 'காப்பா' என்றால் மேலங்கி. பிடித்தவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு நழுவுவதே 'எஸ்கேப்'.

*

மேலங்கியின் பயன்களை மிக விரிவாகப் பட்டியலிட்ட எழுத்தாளர் அதை உடுத்தியவர் அல்லர். அதை ஒழிக்க விரும்பியவர். எட்மண்ட் ஸ்பென்சர் என்ற பெயரை ஆங்கிலக் கவிதை பயின்றோர் அறிவர். வீரர்களும் மந்திரவாதிகளும் நாகங்களும் உலவும் 'ஃபேரி க்வீன்' என்னும் பெருங்காவியத்தின் ஆசிரியர். அவர் 1580-இல் அயர்லாந்துக்கு ஆங்கில ஆட்சியாளரின் செயலராகச் சென்று, அங்கேயே நிலம் பெற்றுக் குடியேறினார். காவியத்தின் இரண்டாம் பகுதி வெளியான 1596-ஆம் ஆண்டையொட்டியே, அயர்லாந்தை எப்படி அடக்குவது என்பதை ஆராயும் உரையாடல் வடிவ நூல் ஒன்றையும் எழுதினார். அது அச்சேறியது 1633-இல்.

அந்நூலில் ஐரிஷ் மக்களின் மேலங்கியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது. 'ப்ராட்' என்று அவர்கள் அழைத்த அந்தத் தடித்த கம்பளிப் போர்வையை ஸ்பென்சர் வெறுக்கிறார். ஆனால் எதிரியின் ஆயுதத்தை எடைபோடும் படைத்தலைவனின் கூர்மையோடு பார்க்கிறார். காட்டில் ஒளியும் கலகக்காரனுக்கு அதுவே வீடு, அதுவே படுக்கை, அதுவே ஆடை. மழையில் அது கூரை, காற்றில் கூடாரம். காட்டுக் கொசுக்களிடமிருந்தும் அவனைக் காக்கிறது. இடக்கையில் சுற்றிக்கொண்டால் கேடயமாகிறது. வாளால் அதை எளிதில் வெட்ட முடிவதில்லை. எடை குறைவு, சுமப்பதும் எளிது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆகவே இந்த ஆடையைத் தடை செய்ய வேண்டும் என்று முடிக்கிறார்.

ஓர் ஆடைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்க முடியாது. ப்ராட் உடுத்திய ஐரிஷ் மனிதன் தன் ஆடையைப் பற்றி இவ்வாறு எழுதி வைக்கவில்லை. அவனை அடக்க வந்தவன் அச்சத்தால் எழுதினான். அவ்வச்சமே இன்று நமக்குச் சான்றாகக் கிடைக்கிறது. 1598-இல் ஐரிஷ் கிளர்ச்சியாளர்கள் ஸ்பென்சரின் கில்கோல்மன் கோட்டையை எரித்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் லண்டனில் இறந்தார்.

ஆடையைக் கண்டு அரசு அஞ்சுவது அத்தோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டவர் பல முழ நீளக் கம்பளித் துணியை இடையில் பெல்ட்டால் கட்டி, மேற்பகுதியைத் தோளில் போர்த்துக்கொண்டார்கள். பகலில் உடையான அதுவே இரவில் போர்வை. 1745-இல் எழுந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், 1746-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுடையைத் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்த மலைநாட்டவருக்கு மட்டும் விலக்கு. தடை நீங்கியது 1782-இல்.

ஸ்பெயினில் 1766 மார்ச் மாதம், மூன்றாம் கார்லோஸ் மன்னரின் அமைச்சர் எஸ்கிலாச்சே, மாத்ரித் நகரத்தில் நீண்ட மேலங்கியையும் அகன்ற விளிம்புத் தொப்பியையும் தடை செய்தார். அவை முகத்தையும் ஆயுதத்தையும் மறைக்கின்றன என்பது காரணம். ரொட்டி விலையேற்றத்தால் ஏற்கெனவே கொதித்திருந்த மக்கள் மார்ச் 23 அன்று, குருத்தோலை ஞாயிறில், வெடித்தெழுந்தார்கள். அமைச்சரின் மாளிகை சூறையாடப்பட்டது. அவர் அமைத்திருந்த தெருவிளக்குகள் உடைக்கப்பட்டன. மன்னர் பணிந்து ஆணையைத் திரும்பப் பெற்றார். அமைச்சர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

*

இரண்டாவது வரலாறு, பயன் போனபின் தொடங்குகிறது. துப்பாக்கியும், தைத்த கோட்டும், கற்கள் பாவிய தெருவும் வந்தபின் மேலங்கி மெல்ல அன்றாட வாழ்விலிருந்து விலகியது. விலகியதும் அதற்கு அழகு வந்தது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்த மலைநாட்டு உடையை இப்போது மன்னரே அணிந்து நின்றார். ஆடையின் அபாயம் முற்றிலும் நீங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஸ்காட் 1819 இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவல், கவசமணிந்து குதிரைமேல் மோதும் வீரர்களின் போட்டியைப் படித்த வகுப்பினரின் கனவாக்கியது. அந்தக் கனவை மெய்யாக்க ஒருவர் துணிந்தார். எக்லிண்டன் பிரபுவான ஆர்ச்சிபால்ட் மாண்ட்கோமரி, 1839 ஆகஸ்ட் 28 அன்று, ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் இருந்த தம் கோட்டையில் ஓர் இடைக்காலப் போட்டியை நடத்தினார். முந்தைய ஆண்டு விக்டோரியாவின் முடிசூட்டு விழாவில் அரசு சிக்கனம் பிடித்துப் பழைய சடங்குகளைக் குறைத்தது பிரபுக்களுக்கு மனக்குறை. வீரர்களாகப் பங்கேற்க முன்வந்த பலரில் பெரும்பாலோர் செலவைக் கேட்டதும் விலகினர். கவசங்களை லண்டன் பாண்ட் தெருவின் பழம்பொருள் வணிகர் சாமுவேல் பிராட் வழங்கினார். பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசரான மூன்றாம் நெப்போலியனும் விருந்தினராக வந்திருந்தார். கூடிய கூட்டம் ஒரு லட்சம் பேர் இருக்கும் என்று அன்றைய மதிப்பீடுகள் கூறின.

ஊர்வலம் புறப்பட்ட வேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து மழை. வெல்வெட்டும் பட்டும் நனைந்து தொங்கின. பிரபுக்களுக்கென்று கட்டிய மேடையின் கூரை ஒழுகியது. களம் சேறாயிற்று. போட்டியின் 'அரசராக' வீற்றிருந்த லண்டன்டெரி பிரபு குடை பிடித்துக்கொண்டு குதிரையில் சென்ற காட்சி கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கிடைத்த கொடை. இரு நாட்கள் கழித்து வானம் தெளிந்தபின் மோதல்கள் ஓரளவு நன்றாகவே நடந்தன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது குடை மட்டுமே.

எக்லிண்டனின் தோல்வி நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அங்கே கூடியவர்கள் இடைக்காலத்தின் தோற்றத்தைப் பெரும் பொருட்செலவில் வாங்கியிருந்தார்கள். மழையில் என்ன செய்வது என்று அறிந்திருந்த உடை அங்கே இல்லை. அதே மண்ணின் மலைநாட்டான், தடைக்கு முன்பு, அந்த மழையைத் தன் போர்வையை ஒரு முறை இழுத்துவிட்டுக் கடந்து போயிருப்பான்.

*

இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டுப் போர்கள் எக்லிண்டனின் வாரிசுகளாகவே தொடங்கின. 1966 மே முதல் நாளன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், டயானா பாக்ஸன் வீட்டுப் பின்கட்டில், இடைக்காலத்தில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள் உடை தரித்துப் போட்டி நடத்தினார்கள். முடிவில் இருபதாம் நூற்றாண்டை எதிர்த்துத் தெருவில் ஊர்வலமும் சென்றார்கள். அதிலிருந்து பிறந்த அமைப்புக்கு 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்' என்ற பெயரைச் சூட்டியவர் எழுத்தாளர் மரியன் ஜிம்மர் பிராட்லி. பிரம்பு வாளும் உண்மையான உலோகக் கவசமும் கொண்டு அவர்கள் பொருதினார்கள். பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்தைய உடையை அணிய ஒரு முயற்சியேனும் செய்ய வேண்டும் என்பது வருகையாளர் அனைவருக்குமான விதி. 'முயற்சியேனும்' என்ற சொல்லின் பெருந்தன்மை கவனிக்கத்தக்கது. வாசலில் யாரையும் அது திருப்பி அனுப்பவில்லை.

1977-இல் மேரிலாந்தில் டோல்கீனின் தாக்கத்தால் 'டாகோர்ஹிர்' தோன்றியது. பெயரும் டோல்கீன் படைத்த மொழியிலிருந்தே எடுக்கப்பட்டது. பஞ்சு பொதிந்த ஆயுதங்கள் வந்ததும் கனத்த கவசத்தின் தேவை குறைந்தது. துணியுடுத்தியவர் காட்டில் ஓடிப் போரிட முடிந்தது. 1982-இல் இங்கிலாந்தின் செஷயரில், பெக்ஃபோர்ட்டன் கோட்டையில், 'ட்ரெஷர் ட்ராப்' என்னும் விளையாட்டு தொடங்கியது. இக்கோட்டை இடைக்காலத்தது அன்று. 1840-களில் ஒரு செல்வர் கட்டத் தொடங்கியது. அது வெறும் மாறுவேடம் என்று அந்த நூற்றாண்டிலேயே கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் கடிந்திருந்தார். மாறுவேடம் பூண்ட கோட்டைக்குள் மாறுவேடம் பூண்ட மனிதர்கள் புகுந்தது பொருத்தமே. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டாலும் ஆட்டம் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. ஜெர்மனியில் ப்ரோக்கெலோ என்ற சிற்றூரில் 2004 முதல் நடந்துவந்த 'கான்க்வெஸ்ட் ஆஃப் மித்தோதேயா' விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து கூடாரமிட்டு நாட்கணக்கில் தங்கினார்கள்.

இந்த 'நாட்கணக்கு' என்பதில்தான் திருப்பம் இருக்கிறது. ஒரு மணி நேர ஊர்வலத்துக்கு எந்த உடையும் போதும். நாட்கணக்கில் வெட்டவெளியில் உண்டு, உறங்கி, மழையில் காவல் நின்று, விடியலில் போரிடுபவருக்கு உடை என்பது வேறு பொருள் கொள்கிறது. எக்லிண்டனில் தொடங்கிய விளையாட்டு, ஸ்பென்சர் அஞ்சிய காட்டுக்குள் தன்னை அறியாமல் நுழைந்துவிட்டது.

*

அங்கே கற்றவை என்னென்ன? முதலில் துணி. விலை மலிவென்று செயற்கை வெல்வெட்டையோ பாலியெஸ்டரையோ தேர்ந்தவர் முகாமின் நெருப்பருகே பாடம் கற்கிறார். பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி, ஒரு பொறி விழுந்தாலும் துளைபடும். உருகியது தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது. பற்றினாலும் கருகி அணைந்துவிடும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. நெய்தபின் நீரில் அடித்து இறுக்கிய கம்பளி, தூறலை நெடுநேரம் உள்ளே விடாது. இயற்கைக் கொழுப்பு நீங்காததாயின் இன்னும் நன்று.

அடுத்தது வெட்டு. திரைப்படங்களில் காற்றில் விரியும் மேலங்கி பெரும்பாலும் முழுவட்டமாக வெட்டப்படுவது. 140 செண்டிமீட்டர் ஆரமுள்ள முழுவட்டத்தின் பரப்பு ஆறு சதுர மீட்டருக்கு மேல். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ எடையுள்ள கம்பளியில் அது மூன்று கிலோவைத் தாண்டும். நனைந்தால் இன்னும் ஏறும். அரைவட்டமாக வெட்டினால் எடை பாதியாகும், போர்த்திக்கொள்ளவும் போதும். கணுக்கால் வரை நீண்டால் சேற்றை உறிஞ்சும். குன்றில் ஏறும்போது தன் மேலங்கியின் ஓரத்தைத் தானே மிதித்து முகங்குப்புற விழாத ஆட்டக்காரர் குறைவு. ஆகவே அனுபவசாலிகளின் மேலங்கி பெரும்பாலும் கெண்டைக்காலோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது பிணைப்பு. தொண்டைக் குழியில் ஒரு கொக்கி என்பது ஓவியத்துக்கு அழகு. ஆனால் துணியின் எடை முழுதும் பின்னால் இழுக்க, கொக்கி கழுத்தை அறுக்கும். முள்ளில் சிக்கினாலோ வேறொருவர் மிதித்தாலோ மூச்சு முட்டும். இதற்கு மூன்று விடைகளைக் கண்டார்கள். உள்ளே இரண்டு பட்டைகளை மார்பின் குறுக்கே கட்டி எடையைத் தோளுக்கு மாற்றுவது ஒன்று. ரோமானியரைப் போல் வலத்தோளில் ஊக்கிட்டு வாள்கையை விடுவிப்பது மற்றொன்று. இழுத்தால் உடனே அவிழும் முடிச்சைப் போடுவது மூன்றாவது. அந்த முடிச்சு அவிழும் கணத்தில் 'எஸ்கேப்' என்னும் சொல் தன் மூலப் பொருளுக்குத் திரும்புகிறது.

முக்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர்மத் தோற்றம் தரும் ஆழ்ந்த முக்காடு, பக்கவாட்டுப் பார்வையை முற்றிலும் மறைக்கும். விலாவில் அடி விழுந்த பிறகே எதிரி வந்தது தெரியும். 2004-இல் வெளியான 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தில் மேலங்கி கூடவே கூடாது என்று உடை வடிவமைப்பாளர் எட்னா பிடிவாதம் பிடிக்கும் காட்சி நகைச்சுவை என்றாலும், களத்தில் நின்றவர்கள் அதைத் தலையாட்டியே ரசித்திருப்பார்கள்.

டோல்கீன் இதை அறிந்தே எழுதினார் என்று தோன்றுகிறது. லோத்லோரியனில் பயணிகளுக்குக் கிடைக்கும் சாம்பல் நிற மேலங்கிகள் அலங்காரத்துக்கானவை அல்ல. அவை இலகுவானவை, கண்ணில் படாமல் மறைப்பவை. பிடிபட்ட பிப்பின் தன் மேலங்கியின் ஊக்கைக் கழற்றிப் பாதையில் போட்டு, தேடி வருபவர்களுக்கு அடையாளம் காட்டுகிறான். அந்த எழுத்தாளரின் மேலங்கியும் கலகக்காரனின் மேலங்கியே.

*

இவற்றினும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. இவ்விளையாட்டுகள் பலவற்றில் அடி பட்டதா இல்லையா என்று நடுவர் தீர்ப்பதில்லை. அடிபட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். 'பட்டது' என்று அவர் சொன்னால் பட்டது. பஞ்சு வாளின் வீச்சோ மெலிது. இடையில் தடித்த கம்பளி தொங்கினால், தி கிராஸி சொன்னது போலவே, துணி வீச்சை விழுங்கிவிடும். உள்ளிருப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. உண்மைப் போரில் உயிர் காத்த அதே தன்மை, விளையாட்டுப் போரில் நேர்மையைச் சோதிக்கும் இடமாகிறது. உறைக்கவில்லை என்பது உண்மையா, போர்வையா? மேலங்கிக்குள் இருப்பவருக்கே சில வேளை அது தெரியாது.

எனவேதான் நல்ல ஆட்டக்காரர்கள் ஐயம் எழுந்தால் அடியைத் தம்மேல் ஏற்கிறார்கள். எதிராளியின் துணியைப் பிடித்து இழுப்பதைப் பல குழுக்களின் விதிகள் தடுக்கின்றன. பெருமோதலுக்கு முன் மேலங்கியைக் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டுச் செல்பவர்களும் உண்டு. முகாமில் அது வீடும் படுக்கையும். களத்தில் வேண்டாம் என்று அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். வாளும் மேலங்கியுமாகப் பொரும் பழைய கலையை முறையாகப் பயில விரும்புவோர், மரோட்சோ, தி கிராஸி போன்றோரின் ஏடுகளைக் கொண்டு தனியே பயிற்சி செய்கிறார்கள்.

*

பெரியவர்கள் வேடமிட்டுப் பஞ்சு வாளால் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எக்லிண்டனைப் பார்த்தும் அன்று லண்டன் சிரித்தது. நம்மைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அந்த ஆட்டத்தால் யாருடைய கடந்த காலம் நினைவு கூரப்படுகிறது?

விளையாட வருபவர் பெரும்பாலும் பிரபுவின் மேலங்கியைக் கற்பனை செய்துகொண்டே வருகிறார். கருஞ்சிவப்பு வெல்வெட், தரையில் புரளும் ஓரம், தொண்டையில் மின்னும் கொக்கி. மழையும் சேறும் நெருப்பும் அவரிடமிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பறிக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அவர் தோளில் எஞ்சுவது சாயம் குறைந்த, தடித்த, அரைவட்டக் கம்பளி. பகலில் தோளில், இரவில் உடல்மேல், மழையில் தலைமேல். அரண்மனை ஓவியங்களில் அதைத் தேடிக் காண்பது அரிது. படைவீரன், இடையன், காட்டில் ஒளிந்தவன் ஆகியோர் உடுத்தியது அது. அவர்கள் எழுதி வைக்காததை ஓர் ஆட்டக்காரரின் முதுகு, பாடம் என்று அறியாமலே படித்துவிடுகிறது.

இதனால் ஐரிஷ் காட்டின் பசியும் சாவும் விளையாடுபவருக்குப் புரிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஞாயிறு மாலை அவர் காரில் ஏறி வீடு திரும்புவார், வெந்நீரில் குளிப்பார். காட்டில் இருந்தவனுக்குத் திரும்ப வீடு இல்லை, போர்வையே வீடு. இந்த வேறுபாட்டை மறந்தால் விளையாட்டு மீண்டும் எக்லிண்டனாகிவிடும். மறவாதவர்களுக்கு, நனைந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஓர் இரவில், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிஞர் எதைக் கண்டு அஞ்சினார், எதை ஒழிக்கச் சொன்னார் என்பது சற்றே விளங்கக்கூடும்.